சிரட்டையில் விழும் புளியங்கொட்டை

கிழட்டுக் குருக்கள் விலாவில் ஈட்டிக் குத்து வாங்கி, திருகோணமலையின் சுவாமி மலை அடிவாரத்துப் பற்றைக்குள் கிடந்தார். ஆண்டு 1622. இன்னும் சில மணி நேரத்தில் கோணேசர் கோயில் போர்த்துக்கேயர் கைக்குப் போய்விடும். அதற்குள் சந்திரசேகரர் சிலையைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்க வேண்டும். டச்பே கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். குருக்களாக விளையாடிய தம்பி விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“பிரச்சினை இல்லை அண்ணா. எட்டு மணி நேரம் உறங்கினால் முழு உயிரும் திரும்பிவிடும்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு. 2014 இல் வந்த அந்த விதிகளின்படி, எட்டு மணி நேர நீண்ட ஓய்வு எடுக்கும் பாத்திரத்துக்கு இழந்த உயிர்ப்புள்ளிகள் அத்தனையும் மீண்டுவிடும். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், எட்டு மணி நேரம் படுக்க நல்ல குகை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். மூன்று வாரமாக நான் வாசித்துச் சேர்த்த இருட்டு, கடலிரைச்சல், கோயில் மணி எல்லாம் அந்த ஒரு வரியில் கலைந்துபோயின.

இந்த வகை விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் நடத்துநர், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “அடிவாரத்தில் தீப்பந்தம் தெரிகிறது” என்பார் நடத்துநர். “நான் பதுங்குகிறேன்” என்பார் ஒருவர். பதுங்க முடிந்ததா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருளும். எந்தப் பகடை, என்ன விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்வது விதி. மலை, பந்தம், பறங்கி, கோயில் இவையெல்லாம் சேர்ந்தது கதையுலகம். இரண்டில் எது பெரிது என்பது இந்த விளையாட்டுக்காரர்களிடையே ஓயாத பட்டிமன்றம். நல்ல நடத்துநர் எந்த விதியை வைத்தும் பயங்காட்டுவார் என்பது ஓர் அணி. விதி தவறானால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை என்பது மறு அணி. குருக்கள் உறங்கப்போன இரவு வரை நான் முதலாம் அணியில் இருந்தேன்.

இந்தச் சண்டை விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. 1969 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊரை வைத்து ஒரு போர் விளையாட்டு நடத்தினார். படைகளை நகர்த்த விதி இருந்தது. ஆனால் ஆளுக்கொரு நகரவாசியின் வேடம் கொடுத்ததும் ஆட்டக்காரர்கள் விதியில் இல்லாததைக் கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் தமக்குள் வாள் சண்டை போட வேண்டும் என்றார்கள். வெஸ்லி அந்த இடத்திலேயே ஒரு விதியை உண்டாக்க வேண்டியிருந்தது. அந்த மேசையில் விளையாடிய டேவ் ஆர்னசன் அதைத் தன் பிளாக்மூர் உலகத்துக்கு எடுத்துப் போனார். ‘செயின்மெயில்’ என்ற 1971ஆம் ஆண்டுப் போர் விளையாட்டை எழுதியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்தார். 1974 இல் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வந்தது. முதல் அச்சு 1000 பிரதிகள். அப்பா வழி போர் விளையாட்டு, அம்மா வழி கதை. பிள்ளைக்கு இன்றும் இரண்டு வீட்டுச் சண்டைதான்.

என் மனத்தை மாற்றியது அந்தப் பழைய பதிப்புகளில் இருந்த ஒரு கணக்கு. அனுபவப் புள்ளி சேர்ந்தால் பாத்திரம் பலம் பெறும். அப்புள்ளி எதற்குக் கிடைக்கும்? 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பில் கொப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றைக் கொன்றால் 5 புள்ளி. பாதாளத்திலிருந்து ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் 1 புள்ளி. ஒரு பெட்டியில் 300 காசு இருந்தால் அது 60 கொப்ளின்களுக்குச் சமம். ஆகவே கெட்டிக்கார ஆட்டக்காரர் சண்டையைத் தவிர்ப்பார். அரக்கர்களுக்கு லஞ்சம் கொடுப்பார், கயிறு கட்டி இறங்குவார், ஓடுவார். பிற்காலப் பதிப்புகளில் காசுக்குப் புள்ளி போய், கொலைக்குப் புள்ளி நிலைத்தது. அதே பாதாளம், அதே கொப்ளின், அதே ஈரச் சுவர். வருணனையில் ஒரு சொல்லும் மாற வேண்டியதில்லை. ஆனால் முதலாவதில் திருடனின் பயம், இரண்டாவதில் வேட்டைக்காரனின் உற்சாகம். விதி எதற்குக் கூலி கொடுக்கிறதோ, மேசையில் இருப்பவர்களின் கண் அங்கேதான் போகும்.

நம்மிடம் இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் விளையாடும் பரமபதம். பலகையில் ஒவ்வோர் ஏணியும் ஒரு புண்ணியம், ஒவ்வொரு பாம்பும் ஒரு பாவம், உச்சியில் வைகுண்டம். கதையுலகம் என்று பார்த்தால் இதைவிடப் பெரிய உலகம் எது? ஆனால் காயை நகர்த்துவது தாயக்கட்டை மட்டும். யாரும் புண்ணியம் செய்வதில்லை, பாவத்தைத் தவிர்ப்பதும் இல்லை. விழுந்த எண்ணுக்கு ஏறுகிறோம், இறங்குகிறோம். அதனால்தான் இந்த வகைப் பலகை இங்கிலாந்துக்குப் போனபோது கடவுளர் காலப்போக்கில் உதிர்ந்து, பாம்பும் ஏணியும் மட்டும் பிள்ளைகள் விளையாட்டாக மிஞ்சின. விதி அந்த உலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. என் பாட்டி இதை ஒப்புக்கொள்ளமாட்டார். எல்லாம் விதிப்படிதான் என்பதைத்தானே அந்தப் பலகை சொல்கிறது என்பார். அவர் சொல்லும் விதி வேறு விதி. ஆனாலும் பதில் சொல்லக் கஷ்டமான கேள்விதான்.

கதையுலகத்தை இறுகப் பிடித்த விதி எப்படி இருக்கும் என்பதற்கு எல்லோரும் காட்டுவது ‘கால் ஒஃப் கதுலு’ என்ற திகில் விளையாட்டு. சாண்டி பீட்டர்சன் எழுதி 1981 இல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்டது. அதில் உடம்புக்குப் புள்ளி இருப்பதுபோல புத்தி நிதானத்துக்கும் புள்ளி உண்டு. காணக்கூடாததைக் கண்டால் அது குறையும். இதுவரை யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை. என்னைக் கவர்ந்தது அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு வரி. அந்த உலகத்தின் மறைபொருளைப் பற்றிய அறிவு ஒரு தனித் திறன். அந்த அறிவு எவ்வளவு ஏறுகிறதோ, நிதானத்தின் மேல் எல்லை 99 இலிருந்து அவ்வளவு இறங்கும். சிகிச்சை எடுத்தாலும் அந்த எல்லையைத் தாண்டி மீள முடியாது. துப்பறிய வந்தவர்கள் புத்தகத்தைத் திறக்காமல் இருக்க முடியாது, திறந்தால் தேறவும் முடியாது. “இந்த அறிவு மனிதருக்கு ஆகாது” என்று நடத்துநர் குரலைத் தாழ்த்திச் சொல்லவே வேண்டியதில்லை. பாத்திரத் தாளில் அழிறப்பர் தேய்ந்த இடம் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பத்து வருடம் கழித்து, 1991 இல் வந்த, ஆட்டக்காரர்கள் இரத்தக் காட்டேரிகளாக ஆடும் ‘வம்பயர்: த மாஸ்கரேட்’ மறுபக்கத்தைக் காட்டுகிறது. மிருகமாகிக்கொண்டிருக்கும் ஒருவரின் உள்வேதனையைச் சொல்லப்போவதாகப் புத்தகம் பக்கம் பக்கமாக வாக்குக் கொடுக்கிறது. மனிதத்தன்மைக்கு ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறது. ஆனால் அதே புத்தகம் அசாத்திய சக்திகளையும் அடுக்கடுக்காகக் கொடுத்துவிட்டது. பல மேசைகளில் வேதனை போய், பல் முளைத்த சூரர்களின் சண்டையாக ஆனது என்பது அதைப்பற்றிய பழைய குறை. சாப்பாட்டு மேசையில் இனிப்பை வைத்துவிட்டுப் பாகற்காயின் மகிமையைப் பேசினால் கை எங்கே போகும்?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போனது. அந்த நாட்களில்தான் நாங்கள் ‘டென் காண்டில்ஸ்’ ஆடினோம். ஸ்டீபன் டியூவி 2015 இல் வெளியிட்ட விளையாட்டு. மேசை நடுவே பத்து மெழுகுதிரி. எத்தனை திரி எரிகிறதோ அதையொட்டி ஆட்டக்காரர் கையில் பகடை. ஒரு முயற்சியில் எந்தப் பகடையிலும் 6 விழாவிட்டால் காட்சி முடியும், ஒரு திரி அணைக்கப்படும். அணைந்ததை மறுபடி கொளுத்தக்கூடாது. கடைசித் திரி அணையும்போது எல்லோரும் இறப்பார்கள். அது தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். பாத்திரத்தின் குணத்தை எழுதிய தாளை அந்தச் சுடரிலேயே எரித்து, கெட்ட பகடையை மறுபடி உருட்டலாம். இருந்த விலைக்குப் பத்துத் திரி கொளுத்துவது அப்போது பெரிய ஆடம்பரம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏழு திரி எரிந்துகொண்டிருந்தபோது கடற்காற்று ஒன்று உள்ளே வந்தது. இரண்டு திரி அணைந்தன. யாரும் பகடை உருட்டவில்லை, யாரும் பிழை விடவில்லை. என்ன காரணத்தால் அணைந்தாலும் அணைந்ததுதான் என்கிறது விதி. மற்ற நால்வரும் ஒரே நேரத்தில், ஒரு சொல்லும் பேசாமல், மிஞ்சிய சுடர்களைச் சுற்றிக் கைகளைக் குவித்தார்கள். வங்கியில் வேலை செய்யும், எதற்கும் பகிடி விடும் நண்பர் தன் நாற்காலியை மெதுவாகக் காற்று வரும் பக்கம் நகர்த்தி முதுகால் மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். சத்தமாகப் பேசினால் மூச்சு சுடரில் படும். நான் ஒன்றும் செய்யவில்லை. சொல்லப்போனால் அன்று நான் நன்றாகக் கதை சொல்லவும் இல்லை.

அந்தப் பாடத்தோடு மறுபடி 1622க்குப் போனேன். இம்முறை நானே விதி எழுதினேன், மிகச் சிறியது. உயிர்ப்புள்ளி இல்லை, ஆயுத அட்டவணை இல்லை. சிலையைத் தூக்க நான்கு கை வேண்டும். சிலை இருக்கும் கையில் பந்தம் இருக்க முடியாது. உதவி கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் உதவி நிச்சயம் கிடைக்கும். ஆனால் விடயம் தெரிந்தவர்கள் ஒருவர் கூடிவிட்டார். தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்துச் சிரட்டைக்குள் போட வேண்டும். காட்சி முடிவில் நடத்துநர் இரண்டு பகடை உருட்டுவார். கூட்டுத்தொகை சிரட்டையில் இருக்கும் கொட்டைகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்.

இருபது முகப் பகடை வைத்திருந்தால் ஒவ்வொரு கொட்டைக்கும் ஆபத்து சரியாக 5 வீதம் ஏறும். கடைத்தெரு வட்டிபோல நேர்க்கோடு. இரண்டு ஆறுமுகப் பகடையில் அப்படியில்லை. மொத்தம் 36 விதமாக விழலாம். ஒரு கொட்டை இருக்கும்போது ஆபத்தே இல்லை. இரண்டில் 36க்கு 1. நான்கில் 6, ஐந்தில் 10, ஆறில் 15, ஏழில் 21. முதல் மூன்று வீடுகளில் ஊரே நம் பக்கம் என்று தோன்றும். ஐந்தாவது வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவோம். ஏழில் பாதிக்கு மேல் தோல்வி. இரகசியம் ஊருக்குள் பரவும் விதமும் ஏறக்குறைய இதுதான் என்பதால் அந்தக் கோடு எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் முதல் ஆட்டம் வேறு வழியில் கெட்டது. ஆபத்தைக் கணக்கிட்ட ஆட்டக்காரர்கள் ஒரு கதவையும் தட்டவில்லை. நான்கு பேரும் தாமே சுமந்து, தாமே தோண்டி, யாரிடமும் பேசாமல் முடித்துவிட்டார்கள். ஊர் ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. பேச்சுக்கு விலை போட்ட நான், மௌனத்துக்குப் போட மறந்துவிட்டேன். எனவே அடுத்த தடவை மண்வெட்டி, மாட்டு வண்டி, மண்ணின் ஆழம் தெரிந்த ஆள், மூன்றையும் வெவ்வேறு வீடுகளுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், என் வாதத்துக்கு அது முழுக்கச் சாதகமாக இல்லாவிட்டாலும். ஒருநாள் சிரட்டை கிடைக்கவில்லை. தாளில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினோம். விதி அதேதான், கணக்கும் அதேதான். ஆனால் பயம் வரவில்லை. கொட்டை சிரட்டைக்குள் விழும்போது வரும் அந்த ‘டக்’ ஒலியில் ஏதோ இருந்திருக்கிறது. போடுபவர் நடத்துநர் இல்லை, கதவைத் தட்டியவரே என்பதும் காரணமாக இருக்கலாம். 2005 இல் வந்த ‘ட்ரெட்’ என்ற திகில் விளையாட்டில் பகடையே கிடையாது. 54 மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து கட்டை உருவ வேண்டும். யார் கையில் கோபுரம் சரிகிறதோ அவர் பாத்திரம் போய்விடும். அங்கே நடுங்குவது பாத்திரத்தின் கையா, ஆட்டக்காரரின் கையா என்று பிரிக்க முடியாது. விதியையும் சூழலையும் இரண்டு அணியாக நிறுத்தி விவாதிக்கும்போது இந்தக் கை கணக்கில் வராமல் போகிறது.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்துக்குள் ஆள் தலை காட்டும் முன்பே மத்தளத்தில் வரவுத் தாளம் விழுகிறது. வருவது அரசனா, வேறு ஆளா என்று தாளமே சொல்லிவிடும். தாளக்கட்டு இலக்கணம், மீற முடியாது. ஆனால் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய், இதில் எது விதி, எது உணர்வு என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

அப்படியானால் கதையுலகம் வெறும் பூச்சு வேலையா என்றால், இல்லை. விதியால் ஒருபோதும் முடியாத ஒரு காரியத்தை அது செய்கிறது. எங்கள் மேசையில் ஐந்து பேரில் நான்கு பேர் திருகோணமலைக்காரர்கள், ஒருவர் கொழும்பிலிருந்து வேலைக்கு வந்தவர். “மலைக்குப் போகும் பாதையில் ஏதோ அசைகிறது” என்று நான் சொன்னதும் கொழும்பு நண்பர் ஆயுதத்தைத் தேடினார். மற்ற மூவரும் அசையவில்லை. “மான்” என்றார் ஒருவர். மலைக்குப் போகும் வழியில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்கரை வீதியிலும் மான் திரிவதைப் பிறந்ததிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வருணிக்கப்பட வேண்டிய செய்தி இல்லை. 1622 இல் அந்தப் பாதையில் மான் நின்றதா என்று எனக்குத் தெரியாது, அவர்களும் கேட்கவில்லை. மலையின் எந்தப் பக்கம் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு, எந்தப் பக்கம் இறங்கினால் கடல் என்பதை அவர்களின் கால்களே அறியும். நடத்துநரிடம் கேட்காமலே ஒருவர் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறதோ, அவ்வளவு தூரத்துக்குக் கதையுலகம் உயிரோடு இருக்கிறது.

முடிவையும் ஊரே கொடுத்துவிட்டது. கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் முன்னே செய்த திருப்பணியைப் பறங்கி பின்னே பிரிப்பான் என்று தொடங்கும் சாசனக் கல் கோட்டை வாசலில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எல்லோருக்கும் பாடமான வரி. ஆகவே இம்முறை கோயிலைக் காப்பாற்றலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயில் இடியும், கற்கள் கோட்டைக்குப் போகும். 1950 இல் ஊருக்குள் கிணறு தோண்டும்போது வெண்கலச் சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பத்து மெழுகுதிரியின் முடிவு தெரிந்திருந்ததுபோல இதன் முடிவும் தெரியும். மிஞ்சிய கேள்வி ஒன்றுதான்: யாருக்கெல்லாம் சொல்வது?

கடைசி ஆட்டத்தில் சிரட்டைக்குள் ஆறு கொட்டை இருந்தது. குழி தோண்டிய ஆள் ஏழாவது. கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குருக்கள் தம்பி நெடுநேரம் யோசித்தார். பிறகு மற்ற மூவரையும் அடிவாரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, அந்த ஒருவரோடு தனியே போய்ப் புதைத்தார். திரும்பி வந்ததும் வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும்படி பென்சிலை நீட்டினேன்.

“குறித்தால் நீங்களும் ஒரு கொட்டைதான் அண்ணா” என்று சொல்லி, பென்சிலைத் திருப்பித் தந்துவிட்டார்.